ஓடைப்பக்கத்து இரண்டு வரிசை

வேளாண் ஆபீஸ் மேடம்தானே? உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தக் கட்டிலில் உட்காருங்க. இளவரசு வீட்டில் இல்லை. ஒளித்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. ஐயோ, சத்தியம் என்ற வார்த்தையே என் வாயில் வரக்கூடாது, வந்துவிட்டது. செல்லியம்மா, மன்னிச்சுக்கோ தாயே.

நாலு மணிக்குத்தானே பள்ளிக்கூடத்துத் திடலில் கூட்டம்? அவன் இரண்டு மணிக்கே போய்விட்டான். "லேட்டாப் போனா ஓடிட்டான்னு சொல்லுவாங்கம்மா" என்றான். போட்ட சோறு தட்டில் அப்படியே இருக்கிறது, மூடி வைத்திருக்கிறேன். மோர் தரட்டுமா? வேண்டாம் என்று சொல்லாதீங்க. கை சும்மா இருந்தால் எனக்கு ஆகாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூட்டத்தில் அவனை அடிப்பார்களா?

போலீஸ் வருமா? இரண்டு பேரா? சரி, இரண்டு பேர் போதும். ஆனால் மேடம், போலீஸ் அவனைக் காப்பாற்ற வருமா, கூட்டிக்கொண்டு போக வருமா? உங்களுக்கே தெரியாதா? சரி, சரி. நான் கேட்கவில்லை.

முந்தாநாள் அவன் வண்டி டயரை யாரோ ஆணியால் குத்திவிட்டார்கள். நேற்றுக் காலையில் சின்னப்பொண்ணு வந்தாள். வாசலில் நின்றாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி இந்த வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். "எங்க வருசச் சோத்துல மண்ணு விழுந்த மாதிரி உங்க சோத்துலயும் விழட்டும்டி" என்றாள். சின்னப்பொண்ணு யாரோ எவளோ இல்லை, தாயி. நானும் அவளும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள். இரண்டு பேர் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தாயிற்று. என் மகள் தேன்மொழிக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவள் அவள்தான். மண்ணைத் தூற்றிவிட்டு அவளே அழுதுகொண்டு போனாள். நான் அந்த மண்ணைப் பெருக்கவில்லை. பெருக்கினால் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயம். நீங்க அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறீங்க. காலைக் கழுவிக்கொண்டு போங்க.

தாயி என்று சொல்லிவிட்டேன் பாருங்க. என் மகள் வயசு உனக்கு. நீ என்று வந்துவிடுகிறது. கோபமில்லையே?

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். இளவரசு விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நாலு வருஷமாகத் தற்காலிகம். ஊர் ஊராக வண்டியில் போய் மக்காச்சோள விதையைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். போன வருஷம் கம்பெனியில் புது ரகம் ஒன்று கொடுத்து, "உன் சொந்தக் காட்டுலயே பத்து சென்ட் ட்ரையல் போடு. நல்லா வந்தா உன்னை நிரந்தரம் பண்றோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். என் பிள்ளைக்கு இருபத்தொன்பது வயசு, தாயி. பெண் கொடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, வேலை நிரந்தரமா என்றுதான்.

எங்கள் மேட்டுக்காட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பத்து சென்ட் அளந்து நட்டான். நடும்போதே என்னிடம் சொன்னான்: "அம்மா, இது மானாவாரி ட்ரையல். மழை பேஞ்சா பேயுது. ஊர்ல எல்லாரும் எப்படி விட்டு வெக்கிறாங்களோ அப்படித்தான் இதையும் விடணும். நீ கையை வெச்சிடாத." நான் சரி என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். செல்லியம்மனுக்கு நூற்றியெட்டுக் குடம் தண்ணீர் அபிஷேகம் செய்கிறேன், என் மகன் சோளம் நல்லபடியாக வந்து அவன் வேலை நிலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அங்கேதான் முதல் தப்பு. வேண்டிக்கொண்ட பதினைந்தாம் நாள் திருப்பணி என்று கோயிலை மூடிவிட்டார்கள். அம்மனைத் தற்காலிகக் கொட்டகையில், பாலாலயத்தில், வைத்தாயிற்று. அபிஷேகம் கிடையாது, வருஷம் முழுக்கக் கிடையாது. கும்பாபிஷேகம் இன்னும் ஆகவில்லை. என் வேண்டுதல் அப்படியே நிற்கிறது. அம்மன் கோபித்துக்கொண்டாள். அவள் கோபம்தான் இந்த வருஷம் ஊர்க் காடு முழுக்கப் பொக்கைக் கதிராக நிற்கிறது. இதைத்தான் நான் கூட்டத்தில் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். சிரிப்பார்களோ?

நீ சிரிக்கவில்லை. நல்ல பெண்.

அந்தப் பத்து சென்ட்டா? அது எப்படி வந்தது தெரியுமா! ஆளுயரத்துக்கு மேலே, தட்டை ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். அந்தப் படத்தைப் பார், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில். கையில் கதிரோடு சிரிக்கிறானே, அது கம்பெனிக்காரர்கள் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது. நான்தான் குங்குமம் வைத்தேன். "உசுரோட இருக்கிறவன் படத்துக்கு ஏம்மா குங்குமம்" என்று திட்டினான். நான் கதிருக்கு வைத்தேன், அவனுக்கு வைக்கவில்லை.

புழு விழவில்லையா என்றா கேட்கிறாய்? விழுந்ததே! இருபதாம் நாளே குருத்துக்குள் படைப்புழு. இளவரசு அப்போது அரியலூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான், வீட்டுக்கு வருவது வாரத்தில் ஒருநாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மருந்து அடிக்கக்கூடாது, அவன் கையை வைக்காதே என்று சொல்லியிருக்கிறான். அதனால் நான் கையை வைக்கவில்லை, விபூதியைத்தான் வைத்தேன். செல்லியம்மன் விபூதி. ஒவ்வொரு செடியின் குருத்திலும் ஒரு சிட்டிகை, ஒவ்வொரு செடிக்கும் ஒரு முறை அம்மன் பேர். வெறும் விபூதி காற்றில் பறக்கிறது என்று ஆற்று மணலோடு அடுப்புச் சாம்பலைக் கலந்து, அதில் விபூதியைக் கலந்து போட்டேன். கண்ணுக்குப் பட்ட புழுவையும் எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டேன், அம்மன் பேர் சொல்லும்போது குறுக்கே நெளிகிறதே என்று. மூன்று தடவை போட்டேன். புழு அற்றுப் போயிற்று. விபூதிக்கு அவ்வளவு சக்தி.

என்ன தாயி எழுதுகிறாய்? மணலா? மணலை எதற்கு எழுதுகிறாய், விபூதியை எழுது.

எத்தனை செடியா? நான் எண்ணவில்லை. காலையில் பால் கறந்துவிட்டுப் போனால் வெயில் ஏறுகிறவரைக்கும் ஆகும்.

தண்ணீர் விட்டேனா? இல்லை. தண்ணீர் பாய்ச்சவே இல்லை. மோட்டார் பக்கமே போகவில்லை. மானாவாரி என்றால் மானாவாரிதான். பூ வாங்குகிற நேரத்தில் பதினெட்டு நாள் மழை இல்லை, இலை எல்லாம் சுருண்டுவிட்டது, அப்போதும் நான் மோட்டார் போடவில்லை.

அபிஷேகம் செய்தேன். அது வேறு.

கோயில் மூடிக் கிடக்கிறது, வேண்டிக்கொண்ட குடமோ கழுத்தைப் பிடிக்கிறது. பயிரும் அவள்தானே என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு, வேருக்கு ஊற்றினேன். நூற்றியெட்டுக் குடம். ஒரு நாள் ஊற்றினேன், மனசு நிறையவில்லை. கோயிலில் ஊற்றாதது அவளுக்குப் போய்ச் சேருமோ சேராதோ என்று பயம். அடுத்த நாளும் ஊற்றினேன். ஒன்பது நாள். நாளைக்கு நூற்றியெட்டு. இடுப்பு இன்னும் சரியாகவில்லை பார், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்கிறது. மாட்டுக் கொட்டகை கழுவிவிட்ட தண்ணீரும் வீணாகத்தானே போகிறது என்று கடைசி மூன்று நாள் அதையும் கலந்தேன். கோமியம் சுத்தம்தானே, அபிஷேகத்துக்கு ஆகாத பொருள் இல்லை.

இளவரசுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் திட்டுவான். "இலை பச்சையா நிக்குதே, ரகம் வறட்சி தாங்குதும்மா" என்று சந்தோஷப்பட்டான். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் வேண்டுதல் என் வரைக்கும்தானே.

அறுவடைக்கு முன்னால் வயல் விழா வைத்தார்கள். சாமியானா போட்டு, மைக் வைத்து, வந்தவர்களுக்கு எல்லாம் தொப்பி. பொங்கலும் கேசரியும் நான்தான் கிண்டினேன். மேனேஜர் நட்ட நடுவில் ஒரு சென்ட் கயிறு கட்டி அளந்தார். அந்த ஒரு சென்ட்டை அறுத்து, உதிர்த்து, எல்லார் கண் முன்னாலும் தராசில் வைத்தார்கள். நாற்பத்திரண்டு கிலோ. "நூறால பெருக்குங்க! நூறு கிலோ மூட்டையில ஏக்கருக்கு நாப்பத்திரெண்டு மூட்டை!" என்று மேனேஜர் மைக்கில் கத்தினார். ஊரே கை தட்டியது. நம் ஊரில் இருபத்திரண்டு மூட்டை எடுத்தாலே பெரிய விஷயம், தாயி.

அப்போது பெரியண்ணன் எழுந்தார். எங்களுக்குப் பங்காளி. "இளவரசு, ஒரு சென்ட்டை அறுத்துட்டு நூறு சென்ட்டுக்கு கணக்கு சொல்றியே. என் காட்டுல ஒரு மூலை களி, ஒரு மூலை சரளை. தொட்டியோரத்துல பத்து சென்ட்டுல வெளைஞ்சது, ஏழு ஏக்கர்லயும் வெளைஞ்சிடுமாடா?" என்று கேட்டார்.

"பெருசு, கேசரி பத்தலைன்னா சொல்லு, இன்னொரு கரண்டி போடச் சொல்றோம்" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள்.

என் பிள்ளை சிரிக்கவில்லை. மைக்கை வாங்கினான். "பெரியப்பா, இது மானாவாரி. ஒரு சொட்டுத் தண்ணி விடல, மருந்து அடிக்கல. எங்கம்மா மேல சத்தியமா நாங்க இந்தச் செடிக்கு ஒண்ணுமே பண்ணல" என்றான்.

என் மேல் சத்தியம். கேசரிக் கரண்டி என் கையில் இருக்கிறது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். சின்னப்பொண்ணு பக்கத்தில் நிற்கிறாள், "புள்ளைன்னா இப்படி இருக்கணும்டி செல்லாயி" என்று என் தோளைத் தட்டுகிறாள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன், தாயி. வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அன்றைக்கு நெஞ்சுக்குள் உட்கார்ந்த பயம்தான், இன்னும் எழுந்து போகவில்லை.

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் ஊர் நட்டது. ரகத்தின் பேர்கூடச் சொல்ல மாட்டார்கள், "இளவரசு சோளம்" என்றுதான் கேட்டு வாங்கினார்கள். பெரியண்ணனே நாலு ஏக்கர் போட்டார். சின்னப்பொண்ணு இருந்த இரண்டு ஏக்கரிலும் போட்டாள். இப்போது அறுத்துப் பார்த்தால் பதினெட்டு மூட்டை, பத்தொன்பது மூட்டை. "என்னப்பா, இளவரசு பட்டத்துக்கு வந்துட்டாரா?" என்று டீக்கடையில் கேட்கிறார்களாம். போலி விதை, ட்ரையலுக்கு ஒரு விதை, நமக்கு ஒரு விதை என்று பேச்சு. அவன் இராத்திரி பகலாகப் பில்லையும் பையையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறான். "ஒரே லாட்தாம்மா. ஒரே விதை. எனக்குப் புரியலம்மா" என்கிறான். நேற்றுச் சொல்கிறான், "நான் ஏமாத்தலன்னு உனக்காவது தெரியுமில்ல?" என்று.

தெரியும். தெரியும் என்று சொன்னேன்.

என்ன கேட்டாய்? அந்தப் பத்து சென்ட்டில் எல்லாச் செடிக்குமா? எல்லாவற்றுக்கும்தான். ஓடைப்பக்கத்து இரண்டு வரிசையைத் தவிர. அங்கே நான் போகவே இல்லை. நட்ட பத்தாம் நாள் அந்த வரிசையில் பாம்புச் சட்டை கிடந்தது, இத்தனை நீளம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் காலை வைக்கவில்லை. விபூதியும் இல்லை, குடமும் இல்லை. எட்ட நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த இரண்டு வரிசை நாகாத்தாவுக்கு என்று விட்டுவிட்டேன்.

அதுவா? அது சுமாராகத்தான் வந்தது. இளவரசு பார்த்துவிட்டு, "ஓரத்து வரிசை எப்பவும் கணக்குல வராதும்மா, விட்டுடு" என்றான். எல்லா ட்ரையலிலும் அப்படித்தானாமே? கூலியாட்கள் அறுத்துக் கொண்டுவந்து தனியாகப் போட்டார்கள். கோழிக்குக்கூடப் போடப் பயம் எனக்கு. வேப்பிலை போட்டுச் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன்.

பார்க்கணுமா? இப்போதா? இரு, ஸ்டூலைப் பிடித்துக்கொள். ஆங், வந்துவிட்டது. தூசி, தள்ளி நில். வண்டு கொஞ்சம் துளைத்திருக்கிறது. இதோ, இதுதான்.

உன் பையில் என்ன? சின்னப்பொண்ணு காட்டுக் கதிரா? இன்றைக்கு அறுத்ததா? இப்படி வை, கட்டில் மேல் வை. சேர்த்து வை.

...

பழசு இரண்டு, புதுசு இரண்டு, நாலும் ஒன்றுபோல இருக்கின்றனவே. பழசு கொஞ்சம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். நுனியில் மணி பிடிக்காமல் இரண்டு விரல் பொக்கை, இதிலும் இரண்டு விரல். அதே நீளம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

அப்படியானால் விதை நல்ல விதைதானா? அவன் பொய் சொல்லவில்லையே? என் பிள்ளை ஏமாற்றுக்காரன் இல்லை! செல்லியம்மா, செல்லியம்மா.

அப்புறம்... அப்புறம் ஏன் என்னையே பார்க்கிறாய்?

இரு. நானே சொல்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், பெருக்கல் தெரியும். பத்து சென்ட்டுக்கு ஒரு செல்லாயி. இல்லையா? ஒரு சென்ட்டை அறுத்து நூறால் பெருக்கினார்களே, என்னையும் சேர்த்துத்தான் பெருக்கிவிட்டார்கள். ஏக்கருக்குப் பத்து செல்லாயி. சின்னப்பொண்ணு காட்டுக்கு இருபது செல்லாயி வேண்டும், ஒன்பது நாளும் குடத்தோடு. அவள் காட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

விபூதி இல்லையா அப்போது? மணலும் சாம்பலும்தானா? நீ படித்தவள், நீ சொன்னால் சரி. ஆனால் விபூதியும் கொஞ்சம் செய்திருக்கும் தாயி. அதை மட்டும் இல்லை என்று சொல்லிவிடாதே.

அம்மன் கோபித்துக்கொள்ளவில்லையா? ஒரு வருஷமாக அவளைக் கோபக்காரி என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனே. பாவம், அவள் பாட்டுக்குப் பாலாலயத்தில் இருந்திருக்கிறாள்.

இதை அவனிடம் எப்படிச் சொல்வேன்? அந்தப் படத்தைப் பார். நாலு வருஷத்தில் அவன் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான். அவன் ரகம் ஜெயித்தது என்று நினைத்துச் சிரிக்கிறான். அம்மா குடம் தூக்கி ஜெயிக்கவைத்தது என்று தெரிந்தால்? வேலை போய்விடும், அது போகட்டும். ஊர் முன்னால் சொன்னானே, எங்கம்மா மேல் சத்தியம் என்று. அது பொய்ச்சத்தியம் என்று அவனுக்குத் தெரியவேண்டுமா? என் வாயாலா? நீ சொல்லிவிடேன் தாயி. கடுதாசியில் எழுதிக் கொடுத்துவிடு, நான் கையெழுத்துப் போடுகிறேன். கூட்டத்துக்கு நான் வரவில்லை. இந்த ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷமாயிற்று, ஒரு கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததில்லை.

மணி என்ன?

மூன்றே முக்கால்.

அவன் இப்போது அங்கே உட்கார்ந்திருப்பான். சுற்றி எல்லாரும் நிற்பார்கள். "எங்களுக்கு வேற விதையைக் குடுத்தியாடா" என்று கேட்பார்கள். அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்களுக்கு இன்னும் கோபம் வரும். அவனுக்குப் பதில் தெரியாது, தாயி. பதில் என் பரணில் அல்லவா இருந்தது.

அந்தக் கதிரை எல்லாம் சாக்கில் போடு. சின்னப்பொண்ணு கதிரையும் போடு. இல்லை, அதை நீ தனியாக வைத்துக்கொள், கலந்துவிட்டால் எது எவளுடையது என்று தெரியாது. சாக்கை என்னிடம் கொடு. நீ தூக்காதே, நான்தான் தூக்கவேண்டும். கனமே இல்லை பார், பாதி பொக்கைதானே.

அந்தச் சோற்றையும் ஒரு தூக்கில் போட்டுக்கொள்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன் என்னோடு பேசவில்லை என்றாலும் சாப்பிட வேண்டுமே.

ரோட்டு வழி வேண்டாம், சுற்று. நாலு மணிக்குப் போய்ச் சேர முடியாது. மேட்டுக்காட்டில் இறங்கி ஓடைப்பக்கமாகப் போனால் பத்து நிமிஷம்தான், பள்ளிக்கூடத்துப் பின்வாசல். அதே வரிசைதான், ஆமாம். இப்போது வெறும் புல்லாகக் கிடக்கிறது.

நீ என் பின்னால் வா, தாயி. நான் முன்னால் போகிறேன். பாம்பு இருந்தால் இருக்கட்டும்.